பெரியவர் வீட்டு மணல்வாரி

"ஊது கண்ணா, ஊது!" என்று மொட்டை மாடியே கத்தியது. இரண்டு வயது நிரம்பிய கிஷோர் ஊதவில்லை. இருமினான். மூக்கிலிருந்து ஒழுகியதும் வாயிலிருந்து தெறித்ததும் கேக்கின் மேல் விழுந்தது. மெழுகுவர்த்தியை அவன் அப்பாவே விரலால் அணைத்துவிட்டுக் கைதட்டினார். எல்லாரும் கைதட்டினோம். பிறகு அந்தக் கேக்கைத் துண்டு போட்டு ஆளுக்கொன்றாகத் தின்றோம்.

திருப்பதியில் எங்கள் தெருவில் நடந்த முதல் கேக்குப் பிறந்தநாள் அதுதான். வீடியோக்காரர் வந்திருந்தார். அவர் விளக்கைப் போட்டபோதெல்லாம் கிஷோர் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதான். இரண்டு கண்ணும் மிளகாய் பட்டதுபோலச் சிவந்திருந்தன. உடம்பு கொதித்தது. தூக்கி வைத்திருந்த எனக்குத் தெரிந்தது.

"அக்கா, கொழந்தைக்கு ஜுரம் அடிக்குது. கண்ணப் பாருங்க" என்றேன்.

"ஏசி ரூம்ல படுக்கிறான் இல்ல, சளி புடிச்சிருக்குது. உனுக்கு அதெல்லாம் தெரியாது" என்றார் அவன் அம்மா புஷ்பாக்கா.

உண்மைதான். எனக்கு ஏசி தெரியாது.

வீடியோவுக்காக எல்லாக் குழந்தைகளையும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார வைத்தார்கள். கிஷோர் நடுவில். அவனுக்கு ஒரு பக்கம் நடக்கப் பழகிக்கொண்டிருந்த என் மகள் ஜோதி. இன்னொரு பக்கம் அவர்கள் வீட்டு டிரைவர் மணியின் மகள் பவானி. கிஷோர் சப்பிய பலூனின் வாயை ஜோதி சப்பினாள், அவள் விட்டதைப் பவானி சப்பினாள்.

கவர்மெண்ட்டு ஊசி

இங்கே கொஞ்சம் உறவுமுறை சொல்லிவிடுகிறேன். பெரியவர் என்று நான் எழுதுவது என் வீட்டுக்காரரின் அண்ணனை. புஷ்பாக்கா அவர் மனைவி. நாங்கள் அதுவரை நகரியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தறி ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள் அதிகமானபோது, அண்ணன் கூப்பிட்டார் என்று மூட்டை கட்டினோம்.

பெரியவர் அப்போது திடீரென்று பெரியவராகியிருந்தார். நாடு கதவைத் திறந்துவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்ட காலம். திறந்த கதவு வழியாக யார் யாரோ என்னென்னவோ கொண்டுவந்தார்கள். எங்கள் பெரியவர் வேன்களைக் கொண்டுவந்தார். மெட்ராஸிலிருந்து வருகிற பக்தர்களை மலைக்கு ஏற்றி இறக்கும் டிராவல்ஸ். மாடியில் சட்டி ஆண்டெனா, வாசலில் கிரானைட், கூடத்தில் போன். பின்பக்கம் கார் ஷெட்டை ஒட்டி ஓர் அறையும் சமையல் மூலையும் இருந்தன. அதுதான் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் டிராவல்ஸ் ஆபீசில் வண்டி அனுப்பும் வேலை பார்த்தார். ஆக, இருக்கிற கூரையும் தின்கிற சோறும் ஒரே ஆள் கையில்.

ஜோதிக்கு நகரியில் இருந்தவரை எல்லாத் தடுப்பூசியும் போட்டிருந்தேன். ஒன்பதாம் மாதம் போடுகிற தட்டம்மை ஊசிக்கு முன்னால் திருப்பதிக்கு வந்துவிட்டோம். இங்கே எங்கே போடுகிறார்கள் என்று புஷ்பாக்காவைத்தான் கேட்டேன். புது ஊரில் வேறு யாரைக் கேட்பது?

"கவர்மெண்ட்டு ஊசியா? அது கூலிக்காரங்களுக்கு. நம்ம கிஷோருக்கே நான் போடல. ஸ்பெஷலிஸ்ட்டுகிட்ட அழச்சிக்கினு போறப்போ ஒன்னோட பொண்ணையும் சேத்து இட்டுக்கினு போறேன்" என்றார்.

அந்த ஸ்பெஷலிஸ்ட்டை நான் இன்றுவரை பார்க்கவில்லை. இலவசமாகக் கிடைப்பது மட்டமானது என்று நினைக்கிற புத்தி, பணத்தோடு இலவச இணைப்பாக வருகிறது போலிருக்கிறது.

அம்மா வந்திருக்கா

பிறந்தநாள் முடிந்து ஒன்றிரண்டு நாளில் பெரிய வீடு பூட்டிக் கிடந்தது. மெட்ராஸில் கல்யாணம், குடும்பத்தோடு போயிருக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத் திரும்பினார்கள். கிஷோர் இளைத்திருந்தான். முகத்தில் மங்கலாகத் தவிட்டு நிறத்தில் புள்ளிகள். கேட்டதற்குக் கல்யாண வீட்டில் கொசு என்றார்கள். மெட்ராஸ் கொசுவுக்கு அந்தப் பெருமையும் போய்ச் சேரட்டும்.

அதே வாரம் ஜோதிக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சளி, இருமல். பிறகு கண் சிவந்து பீளை தள்ளியது. வெளிச்சம் பட்டால் முகத்தை என் மார்பில் புதைத்துக்கொள்வாள். காதுக்குப் பின்னால் முதலில் தெரிந்தது. செம்மணலை அள்ளித் தெளித்ததுபோலப் பொடிப்பொடியாக. அப்புறம் நெற்றி, கன்னம், மார்பு, வயிறு, கால் என்று இறங்கியது.

எங்கள் பக்கம் இதற்குப் பெயர் மணல்வாரி. தெலுங்குக்காரர்கள் தட்டு என்பார்கள். டாக்டர்கள் தட்டம்மை என்பார்கள். ஆனால் எந்தப் பெயரைச் சொன்னாலும் வீட்டில் இருக்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா வந்திருக்கா" என்று முடித்துவிடுவார்கள். என் தம்பிக்குச் சின்ன வயதில் இது வந்து, காதில் சீழ் வடிந்து, ஒரு காது கேட்காமலே போனது. அதற்கு ஊரில் சொன்ன விளக்கம், அம்மன் காதில் முத்தம் கொடுத்துவிட்டாள் என்பது. பிள்ளையைச் செவிடாக்குகிற முத்தத்தை எந்த அம்மன் கொடுப்பாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கங்கம்மாவை நானும் கும்பிடுகிறவள்தான். அவள் மேல் இவ்வளவு பழி போடுகிறவர்கள்தான் அவளுக்குப் பெரிய பக்தர்கள் என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பெரியவர் எங்கள் வாசலுக்கு வெளியே, கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கஸ்தூரி, ஆசுபத்திரி கீசுபத்திரின்னு கெளம்பிடாத. அம்மா கோச்சுக்குவா. வேப்பெல கட்டு, எளநி குடு, கதவ சாத்து. தாளிக்காத. குளிப்பாட்டாத. அக்கம்பக்கத்துல வாய தொறக்காத."

"மூச்சு எரைக்குது மாமா..."

"அம்மா எறங்கறப்போ அப்பிடித்தான் எரைக்கும். நம்ம வம்சத்துல அம்மைக்கு மருந்து குடுத்த பழக்கமே இல்ல."

பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "நீ இன்னா இங்க குந்திக்கினு கீற? சீசன் நேரம். ஆபீசுக்கு நட."

அம்மை வந்த வீட்டிலிருந்து ஆள் வெளியே போகக்கூடாது என்ற சாஸ்திரம் டிராவல்ஸ் ஆபீசுக்குப் பொருந்தாது. என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அப்போது அவர் முதுகைப் பார்த்து நான் நினைத்ததை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

வாயைத் திறக்காதே என்றதற்குக் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. டிராவல்ஸ்காரர் வீட்டில் அம்மை என்று தெரிந்தால் எந்தப் பக்தர் குழந்தை குட்டியோடு வேனில் ஏறுவார்?

மெட்ராஸ் கல்யாணம்

மணல் மங்கத் தொடங்கிய பிறகும் ஜோதிக்குக் காய்ச்சல் விடவில்லை. முதலில் குறைந்தது, பிறகு முன்னைவிட வேகமாக ஏறியது. பால் குடிக்க வாய் வைப்பாள், இரண்டு இழுப்புக்குள் விட்டுவிட்டு மூச்சுக்குத் திணறுவாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அழுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அன்றைக்குக் காலை டிரைவர் மணி ஒரு கட்டு வேப்பிலையும் ஒரு பொட்டலமும் கொண்டுவந்தார். பொட்டலத்தில் நந்தியாவட்டைப் பூ. கசக்கிக் கண்ணில் பிழியச் சொல்லிப் புஷ்பாக்கா கொடுத்தனுப்பியிருந்தார். பூ வாடிக் கறுத்துக் கிடந்தது. அழுகினதைப் பிள்ளை கண்ணில் பிழிவார்களா என்று தூக்கி எறிந்தேன்.

"எங்க வூட்லயும் இதேதான் குடுத்தாங்க அக்கா. பவானிக்குப் புழிஞ்சோம்" என்றார் மணி.

"பவானிக்கும் வந்திருக்குதா?"

"ஆமாங்க்கா. கண்ணையே தொறக்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டு அவர் போகவில்லை. என் மடியில் கிடந்த ஜோதியின் வயிறு குழிவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்னவருக்கும் இப்பிடித்தாங்க்கா எரைச்சுது."

"யாருக்கு? கிஷோருக்கா?"

"மெட்ராஸ்ல கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்ல. நான்தான வண்டி ஓட்டிக்கினு போனேன். நேரா ஆசுபத்திரிதான். மூக்குல ஆக்சிஜன் வெச்சாங்க. கையில ஊசி போட்டு மருந்து ஏத்தினாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அய்யா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

நான் எழுந்து நின்றேன். அழுகை வரவில்லை. இந்த ஆள் தன் பிள்ளைக்கு ஆக்சிஜன் வாங்கிக்கொடுத்துவிட்டு, கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு என் பிள்ளைக்கு வம்சப் பழக்கம் சொல்லியிருக்கிறார்.

"வண்டி எங்க கீது?"

"வாசல்லதான். பார்ட்டிய ஏத்த சத்திரத்துக்குப் போவணும்."

"சத்திரத்துக்குப் போவல. மொதல்ல ஒன்னோட வூட்டுக்கு வுடு. பவானியையும் அவ அம்மாவையும் ஏத்திக்கலாம்."

மணி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். வேலை போய்விடும் என்று அவருக்கும் தெரியும், கூரை போய்விடும் என்று எனக்கும் தெரியும். பிறகு வண்டியின் கதவைத் திறந்தார்.

டாக்டரம்மாவின் வாய்

பெரிய ஆசுபத்திரியில் இருந்த டாக்டரம்மா இரண்டு குழந்தைகளையும் பார்த்ததும் முதலில் எங்களுக்குத்தான் வைத்தியம் பார்த்தார், வாயால்.

"ஏமம்மா, இன்னி ரோஜுலு ஏம் சேஸ்தா உன்னாரு?" இத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். நான் ஜோதியின் இடுப்பில் கட்டியிருந்த வேப்பிலையைக் காட்டினேன். "இது நல்லாத்தான் இருக்கும், ஆட்டுக்கு!" என்றார் தமிழில்.

அந்த வாய்க்கு நான் இன்றும் கடன்பட்டவள். ஏசிக்கொண்டே ஜோதிக்கு ஆக்சிஜன் வைத்தார். ஏசிக்கொண்டே ஊசி போட்டார். அப்படியே எங்களுக்கு விஷயத்தையும் சொல்லிக்கொடுத்தார். இந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகவே வந்து தானாகவே போய்விடும். ஆனால் போகிற வழியில் உடம்பின் காவலை உடைத்துவிட்டுப் போகும். அந்த ஓட்டை வழியாக நுரையீரலில் சளிக்காய்ச்சல் புகும். காதில் சீழ் பிடிக்கும், வயிற்றுப்போக்கு வரும், சில பிள்ளைகளுக்கு மூளையைத் தாக்கும். ஜோதிக்கு நுரையீரல். அதற்குத்தான் ஊசி மருந்து.

"தண்ணி குடு, பால் குடு, கஞ்சி குடு. துன்றத நிறுத்தாத. உப்பு போடு, எண்ணெய் ஊத்து, ஒண்ணும் ஆவாது. வெதுவெதுன்னு தண்ணில துணிய நனைச்சு ஒடம்ப தொடை. கதவ சாத்தி புள்ளைய புழுங்க வெக்காத. மூச்சு வேகமா வாங்குனா, விலா உள்ள போனா, பால் குடிக்கலன்னா, வலிப்பு வந்தா, எழுப்பினா முழிக்கலன்னா, எந்தச் சாமியையும் கேக்காத, ஓடியா."

கண்ணுக்காக ஒரு வைட்டமின் சொட்டு மருந்து, அன்றும் மறுநாளும் வாயில் ஊற்றினார்கள். இந்த அம்மை உடம்பிலிருக்கும் அந்தச் சத்தை உறிஞ்சிவிடும், அதனால்தான் பல குழந்தைகளுக்குக் கண் போகிறது என்றார்.

சொல்லிக்கொண்டே பவானியின் இமையைப் பிரித்தவர், பேச்சை நிறுத்திவிட்டார். அவ்வளவு நேரம் ஓயாமல் ஏசிய வாய் சட்டென்று மூடியது. வலது கண்ணின் கருவிழி, கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல வெளுத்திருந்தது. நடுவில் ஒரு புண்.

"கண்ணுல ஏதாவது ஊத்துனீங்களா?"

மணியின் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "பெரியம்மா குடுத்த பூவுச் சாறு" என்றாள்.

வராந்தாவில்

மத்தியானம் பெரியவர் வந்தார். பின்னால் என் வீட்டுக்காரர்.

குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வாயைத் திறக்கிறார் என்று நினைத்தேன். என் புத்தியும் அப்போது அவ்வளவுதான் வளர்ந்திருந்தது.

"யாரைக் கேட்டு வண்டிய எடுத்துக்கினு வந்த? பார்ட்டி சத்திரத்து வாசல்ல நின்னுக்கினு கீது. என் மானம் போச்சு."

நான் குரலைத் தாழ்த்தவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்றுதான் கேட்டேன்.

"மாமா, கிஷோருக்கு மெட்ராஸ்ல எந்த அம்மன் கோயில்ல ஆக்சிஜன் வெச்சாங்க? பேர் சொல்லுங்க. ஜோதிக்கும் வேண்டிக்கிறேன்."

ஒரு கிழவர் சிரித்துவிட்டார். பெரியவர் மணியைப் பார்த்தார். மணி சுவரைப் பார்த்தார்.

"அது வேற" என்றார் பெரியவர்.

"எது வேற? அம்மையா, புள்ளையா?"

"ஒன்னோட பொண்டாட்டிய வாய மூடச் சொல்லுடா" என்று தம்பியிடம் சொன்னார்.

என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. என் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, "கொழந்தைக்கு வெந்நீ புடிச்சிக்கினு வரேன்" என்று அண்ணனைக் கடந்து நடந்தார். பெரியவர் "டேய்" என்றார். இவர் திரும்பவில்லை. அவர் வீரம் அவ்வளவுதான். ஆனாலும் அந்த முதுகைப் பார்த்து இந்தத் தடவை நான் வேறு மாதிரி நினைத்தேன்.

ஜோதி பிழைத்தாள். ஒரு காலை, என் இடுப்பில் இருந்தபடியே கையை நீட்டிப் பக்கத்துக் கட்டில்காரியின் இட்லியைக் கேட்டாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பவானிக்கு வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

பொங்கல்

நாங்கள் ஆசுபத்திரியிலிருந்து வந்தபோது கார் ஷெட் அறையின் முன்னால் எங்கள் பாத்திரங்கள் வெளியே இருந்தன. ஆடி மாசத்தில் வீடு மாறக்கூடாது என்று நாள் பார்க்கிற குடும்பம் அது. எங்களுக்கு மட்டும் எந்த நாளும் நல்ல நாள். என் வீட்டுக்காரருக்குப் பங்காருபாளையத்துப் பக்கம் மாங்காய்க் கூழ் தயாரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. சித்தூரில் குடியேறினோம். மணி வேறொருவரின் லாரி ஓட்டப் போனார்.

பெரியவர் கங்கம்மாவுக்குப் பொங்கல் வைத்து, ஆடு வெட்டி, ஊருக்குச் சோறு போட்டார் என்று கேள்விப்பட்டேன். "ஒரு சொட்டு மருந்து இல்லாம என் புள்ளைய அம்மா காப்பாத்துனா" என்று மைக்கில் சொன்னாராம். பந்தியில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். அந்தப் பந்தியில் கைக்குழந்தையோடு எத்தனை தாய்மார் இருந்திருப்பார்கள், அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் எத்தனை பேர் கதவைச் சாத்தியிருப்பார்கள் என்று நினைக்கும்போது, எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பவானி வளர்ந்து, சத்தியவேடு பக்கம் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் வேலைக்கு மனுப் போட்டாள். சின்னச் சின்னச் சாமான்களைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கிற வேலை. கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது புத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஊசியில் நூல் கோக்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வாள். அவளிடம்தான் நான் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறேன். நன்றாகத் தைப்பாள், பேரம் பேசினால் திட்டுவாள்.

அமெரிக்காவிலிருந்து ஒரு சந்தேகம்

கிஷோர் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போனான். அவனுக்கு ஓர் ஆண் குழந்தை. போன வருஷம் ஒருநாள் போன் செய்தான். உறவு விட்டுப்போன குடும்பம், என்னை ஏன் கூப்பிடுகிறான் என்று யோசித்தேன்.

"சின்னம்மா, பாப்பாவுக்கு மீசல்ஸ் வேக்சின் போடணும்கிறாங்க. நைனா வேணாம்னு வாட்ஸ்அப்ல நெறைய அனுப்பிக்கினே இருக்காரு. எனக்கு அம்மை வந்தப்போ மருந்தே குடுக்காம சரியாச்சின்னு சொல்றாரு. அம்மாவக் கேட்டா, ஞாபகம் இல்லைங்கறாங்க. நீங்க அப்போ கூடவே இருந்தீங்க இல்ல?"

இவ்வளவு படித்தவனுக்கு, தன் பிள்ளைக்கு ஊசி போடலாமா என்று கேட்க ஓர் அப்பன் வேண்டியிருக்கிறது. அந்த அப்பன் சொன்னது பொய் என்று தெரிந்துகொள்ள நான் வேண்டியிருக்கிறேன். கடல் தாண்டிப் போனவர்கள் மூளையை விமான நிலையத்தில் எடை போட்டு, அதிகமாக இருந்ததை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் போலிருக்கிறது.

ஆனாலும் கேட்டானே. கேட்டதற்காக எல்லாவற்றையும் சொன்னேன். கேக்கு, பலூன், மெட்ராஸ் ஆசுபத்திரி, ஆக்சிஜன். பவானியின் கண்ணைப் பற்றியும் சொன்னேன்.

"எனக்குத் தெரியாது சின்னம்மா" என்றான்.

"ஒனக்கு எப்பிடிடா தெரியும்? ஒனக்கு அப்போ ரெண்டு வயசு. இப்போ தெரிஞ்சுக்கின இல்ல, அது போதும். போய் ஊசியப் போடு."

அடுத்த வாரம் ஒரு படம் வந்தது. கொழுத்த தொடையில் ஒரு சின்னப் பிளாஸ்திரி, மேலே அழுது வீங்கிய முகம். அதன் கீழே கிஷோர் எழுதியிருந்தான்: "போட்டாச்சு சின்னம்மா. நைனாவுக்குத் தெரிய வேணாம், ப்ளீஸ். மனசு கஷ்டப்படுவாரு."

நான் அவனுக்குப் பதில் எழுதவில்லை, இதை எழுதினேன். பெரியவர் இந்தப் பத்திரிகையை வாராவாரம் வரி விடாமல் படிக்கிறவர்.